சுங்கத்துக்கு எழுதிய நாலு பக்கம்

எழுதப் பழகாதவன் எழுத வந்திருக்கிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ரேடியோ திருத்துவது என் தொழில். நீளமாக ஒன்றை எழுதியது வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். கொழும்பில் சுங்க அலுவலகத்துக்கு, எங்கள் பேச்சில் சுங்கக் கந்தோருக்கு, எழுதிய நாலு பக்கக் கடிதம் அது. அந்தக் கடிதத்தால் ஒருவருக்கு வந்த கஷ்டத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு நாற்பது ஆகியிருக்கவில்லை. மட்டக்களப்புப் பட்டினத்தில், வாவிக்குப் போகும் ஒழுங்கையில் என் கடை. முன்னறையில் வேலை, பின்னறையில் படுக்கை. தனி ஆள். வருகிறவர்களோடு என்ன பேசுவதென்று எனக்குத் தெரியாது. "என்ன பழுது", "எப்ப வர", இந்த இரண்டோடு பேச்சு முடிந்துவிடும். திருத்திய ரேடியோவை ஒரு நிமிடம் பாட வைத்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவேன். அவர்களுடைய பற்றரி அல்லவா. எனக்கென்று ஒரு சிறிய ட்ரான்சிஸ்டர் ரேடியோ இருந்தது. மாலையில் சோறு வடிக்கும்போது அது பின்னறை ஜன்னலில் இருந்து பேசிக்கொண்டிருக்கும். அந்த வீட்டில் ஆள் குரல் என்றால் அது ஒன்றுதான்.

தேற்றாத்தீவிலிருந்து ஒரு டீச்சர் கடைக்கு வருவார். ஏறக்குறைய என் வயது. கலியாணம் செய்யாதவர். காது வரவர மந்தமாகிக்கொண்டு போனதால், இங்கிலாந்தில் தாதியாக வேலை பார்த்த தங்கை அவருக்கு ஒரு காது மெஷின் அனுப்பியிருந்தார். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய பெட்டி. அதிலிருந்து மெல்லிய வயர் ஒன்று காதுக்குப் போகும். பெட்டியைச் சட்டைக்குள் வைத்து, வயரைக் கூந்தலுக்குள் விட்டுவிட்டால் வெளியே தெரியாது. தெரியக்கூடாது என்பதில் அவர் மிகவும் கவனமாக இருந்தார். கேளாத டீச்சர் என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே என்ற பயம்.

ஒரு மாரியில் மெஷினுக்குள் மழைத்தண்ணீர் போய் அது செத்துவிட்டது. அதைக் கொண்டுதான் முதன்முதலில் என் கடைக்கு வந்தார். திறந்து பார்த்தேன். உள்ளே மூன்று ட்ரான்சிஸ்டர்கள், ஒவ்வொன்றும் நெல்மணியை விடக் கொஞ்சம்தான் பருமன். இரண்டு எரிந்திருந்தன. அந்த அளவில் இங்கே கிடைக்காது. வெளிநாட்டுச் சாமான் எதுவுமே லேசில் வராத காலம் அது. இலக்கங்களைக் கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். பின்னுக்கும் உதவட்டும் என்று ஆறு அனுப்பச் சொன்னதும் நான்தான். தங்கை வாங்கி அனுப்பிய பாசல் கொழும்பில் சுங்கத்தில் நின்றுவிட்டது.

சித்திரை வருடப்பிறப்பு கழிந்து டீச்சர் ஒரு கடிதத்தோடு வந்தார். சுங்கக் கந்தோர் ஆங்கிலத்தில் அனுப்பிய கடிதம். அதில் மூன்று கேள்விகள் இருந்தன. டீச்சருக்கும் ஆங்கிலம் ஓடாது, எனக்குச் சாமான்களின் பெயர் அளவுக்குத்தான் தெரியும் என்பதால், தபால் கந்தோரில் பாசல் பகுதியில் இருந்த கிளாக்கரிடம் போனோம். அவர் வாசித்துச் சொன்னார். இந்தப் பொருட்கள் என்ன? எந்தக் கருவிக்காகச் செய்யப்பட்டவை? அந்தக் கருவிக்கு மட்டும்தானா, வேறு கருவிக்கும் பயன்படுமா?

"விசயம் இதுதான் அண்ணே," என்றார் கிளாக்கர். "ரேடியோச் சாமான் எண்டு ஒரு பிரிவு கிடக்கு. அதுக்குள்ள போட்டாங்களெண்டா லைசன்ஸ் கேப்பாங்க. லைசன்ஸ் இல்லாட்டி பாசல் வராது. காது மெஷின்ட சாமான் எண்டா வேற பிரிவு, சும்மா விட்டுருவாங்க. காது மெஷினுக்கு எண்டு ஒரு வரி எழுதுங்க. தமிழில எழுதினாலும் போதும்."

டீச்சர் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எனக்கு இதுகள் விளங்காது. நீங்களே எழுதுங்க. நான் கையெழுத்து வைக்கிறன். ஆனி பிறந்த உடனே வித்தியாதரிசி வாறாராம்."

வித்தியாதரிசி என்றால் பள்ளிக்கூடங்களைப் பார்வையிட வருபவர். வகுப்பில் நின்று கேள்வி கேட்பார், டீச்சரிடமும் கேட்பார். பக்கவாட்டில் நின்று கேட்டால் அவர் பேசுவதே டீச்சருக்குத் தெரியாது. அதற்குள் மெஷின் சரியாக வேண்டும்.

அன்று பின்னேரம் கடைக்கதவைச் சாத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன். அதுவரை எந்தக் கந்தோரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கந்தோர் என்ன, என் தொழிலைப் பற்றி ஒரு மனிதர்கூட இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. இங்கே கொழும்பிலிருந்து மூன்று கேள்விகள், மூன்றுக்கும் எனக்குப் பதில் தெரியும். ட்ரான்சிஸ்டர் என்றால் என்ன, சின்னச் சத்தத்தை அது எப்படிப் பெரிதாக்குகிறது, வால்வுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்றெல்லாம் எழுதினேன். மூன்று கால்களையும் படம் கீறிக் காட்டினேன். மூன்றாம் கேள்விக்கு, "இவை காது மெஷினுக்கு வாங்கப்பட்டவை. ஆனாலும் ட்ரான்சிஸ்டர் எங்கும் ஒரே வேலையைத்தான் செய்யும். ரேடியோவிலும் தாராளமாகப் போடலாம்" என்று எழுதினேன். அது உண்மைதான். எழுதி முடித்தபோது நாலு பக்கம். நெடுநாள் பழகிய ஒருவரோடு இருந்து கதைத்து முடித்ததுபோல் மனம் நிறைந்திருந்தது. டீச்சர் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. டீச்சர் கேட்டுக்கொண்டபடி என் கடை விலாசத்துக்கே வந்தது. கிளாக்கர் வாசித்தார், வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். விஷயம் இது: நாங்களே எழுதித் தெரிவித்தபடி இவை ரேடியோவிலும் பயன்படக்கூடியவை, எண்ணிக்கையும் ஆறு. ஆகவே ரேடியோவின் உதிரிச் சாமான்களாகக் கொள்ளப்பட்டன. லைசன்ஸ் இல்லாததால் பாசல் அனுப்பியவருக்கே திரும்பிப் போகிறது.

"என்னண்ணே, பரீட்சையா எழுதினீங்க? ஒரு வரி எண்டுதானே சொன்னன்."

"உள்ளதத்தான் எழுதினன்."

"உள்ளது முழுக்க ஆர் கேட்ட? அவங்களுக்குப் பெட்டியில ஒட்ட ஒரு பேர் வேணும், அவ்வளவுதான். வாய் திறக்காத மனிசன் நீங்க. பேனையைக் குடுத்தா வெள்ளமாப் போறீங்களே!"

வெளியே வந்து, தேற்றாத்தீவைத் தாண்டிக் களுவாஞ்சிக்குடிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். தேற்றாத்தீவில் டீச்சரின் வீட்டு முற்றத்தில் நின்று, மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். கையைக் காதில் குவித்துக்கொண்டு கிட்ட வந்தார். என் பிழையைச் சத்தம் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"பாசல் வராது! நான் எழுதினது பிழை! ரேடியோவுக்கும் போடலாம் எண்டு எழுதிப்போட்டன்!"

கிடுகு வேலிக்கு அப்பால் ஒரு பெண் தலை தெரிந்தது. "என்ன கா டீச்சர், ஆரு இது கத்திற? சண்டையா?"

அந்தப் பெண்ணின் வாயசைவைப் பார்த்து, "ரேடியோக்காரர்," என்றார் டீச்சர்.

"ரேடியோக்காரரா? அப்ப சத்தத்தக் குறைக்கச் சொல்லுங்க கா!" அந்தப் பெண் சிரித்தபடி போய்விட்டார்.

டீச்சர் சிரிக்கவில்லை. முற்றத்து மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உங்களிட்ட நான் ஒண்டே ஒண்டுதான் கேட்டன்," என்றார். "இன்னும் பத்து நாள்தான் கிடக்கு." உள்ளே போய்ப் பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்து தந்தார். அதைக் குடித்து முடிப்பது பெரும்பாடாக இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் யோசித்தேன். காது மெஷினின் ட்ரான்சிஸ்டரை ரேடியோவில் போடலாம் என்றால், ரேடியோவினுடையதைக் காது மெஷினிலும் போடலாம்தானே. பருமன்தான் கூட. வீட்டுக்கு வந்ததும் ஜன்னலில் இருந்த என் ரேடியோவைக் கழற்றி, சத்தத்தைப் பெரிதாக்கும் இரண்டு ட்ரான்சிஸ்டரையும் எடுத்தேன். அந்தச் சின்னப் பெட்டிக்குள் அவை அடங்கவில்லை. சோப்பு வைக்கும் ஒரு பிளாஸ்டிக் சவர்க்காரப் பெட்டியில் எல்லாவற்றையும் மாற்றி அமைத்தேன். நாலு நாள் பிடித்தது. என் ரேடியோவுக்கு மாற்றுச் சாமான் எங்கும் கிடைக்கவில்லை. சோறு வடிக்கையில் கஞ்சி கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

டீச்சர் வந்தார். வயரைக் காதில் வைத்துக்கொண்டார். நான் குமிழை மெல்லத் திருப்பி, "கேக்குதா?" என்றேன்.

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "இதுவா உங்கட குரல்? இவ்வளவு மெதுவா? இந்த மாரியிலயிருந்து சத்தம் போட்டுப் போட்டு, உங்களக் கரகரத்த குரல்காரர் எண்டே நினைச்சுப்போட்டன்."

எனக்கு முகம் சுட்டது. சவர்க்காரப் பெட்டியைக் காட்டி, "இது வெளியில தெரியும்," என்றேன்.

"தெரியட்டும். தெரியாம இருக்கிறதெண்டா கேக்காமத்தான் இருக்கோணும்."

வித்தியாதரிசி வந்தது ஒரு வியாழக்கிழமை. அன்று பள்ளி விட்டதும் டீச்சர் நேரே கடைக்கு வந்தார். வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது.

"கேட்டதுக்கெல்லாம் மறுமொழி சொன்னன். பின்னால நிண்டு கேட்டதும் கேட்டுது. மறுகா பெட்டியக் கண்டுபோட்டு, இதென்ன டீச்சர் எண்டார். காது மெஷின் எண்டு சொன்னன்."

"என்ன சொன்னார்?"

"பெட்டியக் குனிஞ்சு பாத்தார். மறுகா, பாடம் நடக்குதுதானே, நடக்கட்டும் எண்டு பள்ளிக்கூடப் பதிவுப் புத்தகத்தில எழுதினார். எனக்கு வாசிச்சும் காட்டினார்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது இனிப் பழுதாகாதுதானே?"

பழுதாகும் என்ற சொல் ஒரு கணம் வாய்வரை வந்தது; அப்படிச் சொன்னால் இன்னும் வருவார். ஆனால் நான் எல்லா இணைப்பையும் இரண்டு தடவை பற்றவைத்திருந்தேன். "ஆகாது," என்றேன். "பற்றரி மட்டும் மாத்தினாச் சரி. களுவாஞ்சிக்குடிக் கடையிலயே கிடைக்கும்."

"அப்ப இனி உங்களுக்கு என்னால கரைச்சல் இல்ல," என்று சிரித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். ஒழுங்கை முடியும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். சுங்கக் கேள்விகளுக்கு நாலு பக்கம் எழுதியவனுக்கு, இருந்து போகலாமே என்ற இரண்டு சொல் வரவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மேற்கேயிருந்து கச்சான் காற்று அடித்தது. ஓட்டமாவடியிலிருந்து ஒரு நெல் வியாபாரி தன் வால்வு ரேடியோவைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். என்ன பழுதென்று கேட்டேன், திங்கட்கிழமை வரச் சொன்னேன்; அதோடு பேச்சு முடிந்தது.