பஸ்ஸுக்கு வரும் ‘ப’

தெலுங்கில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பருவு’தான். பஸ்ஸுக்கு வரும் ‘ப’ போட்டுச் சொன்னால் எடை. பல்லுக்கு வரும் ‘ப’ போட்டுச் சொன்னால் மானம். நான் சித்தூர்ப் பக்கத்துக்காரி. சந்தையில் பேரம் பேசுவது, மண்டல ஆபீசில் சண்டை போடுவது எல்லாம் எனக்குத் தெலுங்கில்தான். ஆனால் வீட்டில் தமிழ், படித்ததும் தமிழ்ப் பள்ளிக்கூடம். பதற்றம் வந்துவிட்டால் என் வாயில் எல்லா ‘ப’வும் பல்லுக்கு வரும் ‘ப’வாகிவிடும். இந்த வாயை வைத்துக்கொண்டுதான் திருப்பதியில் ஒரு பெரிய டாக்டரிடம் என் எடையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கப் போனேன்.

அப்போது நான் நூற்றுப் பதினெட்டு கிலோ. பங்காருபாளையம் பக்கத்தில் மாம்பழக் கூழ் எடுக்கும் ஃபேக்டரியில், பழம் பொறுக்கும் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். அங்கே பழக்கூடைகளை நிறுக்கும் காட்டாவில், எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஏறி நின்று பார்த்த கணக்கு அது. சர்க்கரை இருந்தது, முட்டிவலி இருந்தது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. ஆனால் என் ஏக்கம் வேறு. சொன்னால் சிரிப்பீர்கள். என் வீட்டுக்காரரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டு, ஜம்மென்று சித்தூர் போக வேண்டும்.

கடைசியாக அப்படிப் போனது கங்காதர நெல்லூர் வரைக்கும். அங்கே பின் டயர் வெடித்தது. அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “டயரு பளசும்மே,” என்றார், வண்டியைத் தள்ளிக்கொண்டே. அந்த டயரைப் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து நான் ஷேர் ஆட்டோவில் போவேன். அவர் மொபெட்டில் ஆட்டோவுக்குப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வருவார், என்னவோ மந்திரிக்குப் பாதுகாப்பு மாதிரி.

ஆபரேஷன் யோசனை என் மகளுடையது. எங்கள் நைனா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அவருடைய பேத்தி பெங்களூரில் ஏ.சி.யில் உட்கார்ந்து அமெரிக்காக்காரனுக்குப் பதில் சொல்கிறாள். எங்கள் தெருவில் இப்போது வீட்டுக்கு ஒரு பிள்ளை பெங்களூரிலோ சென்னையிலோதான். ஒருநாள் போன் பண்ணி, “மா, எங்க கம்பெனி இன்சூரன்ஸ்ல உன் பேரும் கீது. வயித்தச் சின்னதாக்கற ஆபரேஷன் ஒண்ணு பண்றாங்க. திருப்பதியிலயே பண்றாங்க,” என்றாள்.

“வயித்த வெட்டிட்டா சோத்த எங்கடி போடறது?”

“அதான்மா விஷயமே!”

நான் சிரித்தேன். அன்று ராத்திரி முழுக்க மொபெட்டுதான் கண்ணுக்குள் ஓடியது. காலையில் எழுந்து சரி என்று சொல்லிவிட்டேன்.

எல்லாரும் நான் கத்திக்குப் பயப்படுவேன் என்று நினைத்தார்கள். மகள் தினமும் போனில் தைரியம் சொன்னாள்: சின்னச் சின்ன ஓட்டைதான் போடுவாங்க, வலியே தெரியாது, மூணாம் நாள் வீட்டுக்கு வந்துடலாம். ஐயோ, எனக்குக் கத்தியும் பயமில்லை, சாவும் பயமில்லை. என் பயம் வேறு. அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஒருமுறை சித்தூர் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது செருப்பு வழுக்கி நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. நாலு ஆம்பிளைகள் சேர்ந்து தூக்கினார்கள். “க்ரேன் பிலவண்டிரா!” என்று ஒருத்தன் கத்தினான். க்ரேனைக் கூப்பிடுங்கடா என்றால் பஸ் ஸ்டாண்டே சிரிக்காமல் என்ன செய்யும்? நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்புறம் தயிர்சாதம் மூன்று தட்டு தின்றேன். அந்தச் சிரிப்பு மட்டும் காதை விட்டுப் போகவே இல்லை. மயக்க மருந்து கொடுத்தால் நான் உணர்வில்லாமல் கிடப்பேன். யாராவது தூக்கித்தானே ஆக வேண்டும்? அப்போது என்ன சொல்லிச் சிரிப்பார்கள்? கூடச் சேர்ந்து சிரித்துச் சமாளிக்கக்கூட எனக்கு நினைவு இருக்காதே!

அதனால் ஆபரேஷனுக்கு முதலில் கொடுத்த தேதியில் நான் ஓடிவந்துவிட்டேன். ஆமாம், ஓடித்தான் வந்தேன். ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருந்தபோது, வாசலில் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு வந்த ஒருவன் இன்னொருவனிடம், “இத்தரு சாலரு, இங்கா இத்தர்ணி பிலவரா,” என்றான். இரண்டு பேர் போதாது, இன்னும் இரண்டு பேரைக் கூப்பிடு. என்னைப் பற்றித்தான் சொன்னானோ, யாரைப் பற்றிச் சொன்னானோ. பாத்ரூம் போகிறேன் என்று பையைத் தூக்கினேன். மாடிப்படியில் இறங்கினேன். மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள் நிறைந்த ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். சந்திரகிரி தாண்டிய பிறகுதான் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

“எங்கமே கீற? கட்டில்ல ஆளக் காணோம்!”

“பஸ்ஸுல.”

“எந்த பஸ்ஸுல?”

“சித்தூர் பஸ்ஸுல.”

“இட்லி துன்னுக்கினு இருந்தேன், அதுக்குள்ள போயிட்டியே,” என்றார் பாவமாக. அந்த மனுஷனை என்னவென்று சொல்வது!

மகள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு வாரமும் மொபெட் வாசலில் நின்றது. போகும்போது வரும்போதெல்லாம் பின் சீட்டைப் பார்ப்பேன். எட்டாம் நாள் நானே அவரைக் கிளப்பிக்கொண்டு மறுபடி திருப்பதி போனேன். டாக்டரிடம் சொல்ல வேண்டியதை பஸ்ஸில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். இனிமேல் ஓடமாட்டேன், என் எடையை எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான்.

டாக்டர் கோபப்படவில்லை. “சொல்லுங்கம்மா, இப்போ என்ன வேணும்?” என்று தெலுங்கில் கேட்டார். கூடவே நர்ஸ், கதவோரம் நீலப் புடவை கட்டிய உதவியாள் பெண், பக்கத்தில் என் வீட்டுக்காரர். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. இரண்டு கையையும் கூப்பிச் சத்தமாகச் சொன்னேன்:

“டாக்டர் காரு, நா பருவு தீசேயண்டி!”

பல்லுக்கு வரும் ‘ப’. என் மானத்தை வாங்கிவிடுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டிருக்கிறேன்! நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்காரருக்கு இருமல் வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “அம்மா, உங்க மானம் எனக்கு எதுக்கு? எடையை மட்டும் எடுத்துக்கறேன்,” என்றார் தெலுங்கில். இரண்டு வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்தார். இந்தத் தடவையும் போய்விட்டால் வேறு ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் மருந்துச்சீட்டோடு போனார். அந்த நீலப் புடவைப் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் வயதுதான் இருக்கும். என் ஒரு கை பருமன்கூட இல்லை.

“தமிளாக்கா? எனக்கு புத்தூருப் பக்கம். உள்ள சொன்னியே, அது வாய் தவறி வந்துச்சா, இல்ல நெசமாவே வந்துச்சா?”

என்ன கேள்வி பாருங்கள்! பெற்ற மகள் கேட்கவில்லை, கட்டியவர் கேட்கவில்லை, இவள் கேட்டுவிட்டாள். பஸ் ஸ்டாண்ட், க்ரேன், ஸ்ட்ரெச்சர் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன்.

அவள் ‘அய்யோ பாவம்’ சொல்லவில்லை. வேலை எப்படி நடக்கும் என்று சொன்னாள். “டேபிள் மேல நீயே தான் ஏறிப் படுக்கப் போற. முடிஞ்சப்புறம் தான் நாங்க மாத்துவோம். வளுக்கற பலகை ஒண்ணு கீது. நாலு பேரு, ஒரே இளுப்பு. தூக்கறதே கெடையாது. தலைப்பக்கம் நான் தான் புடிப்பேன். போன வாரம் உன்ன விடப் பெரிய ஆளு ஒருத்தரு வந்தாரு, அவரையே மாத்துனோம்.”

“சிரிப்பீங்களா?”

“காத்தாலருந்து நின்னுக்கினே கீறோம். சிரிக்க ஏதுக்கா நேரம்? எவனாச்சும் சிரிச்சா நான் சும்மா உட்ருவனா?”

“சத்தியமா?”

“சத்தியமா.” என் உள்ளங்கையில் ஓங்கி அடித்தாள். பிறகு, “மொதல்ல அந்த வார்த்தைய ஒளுங்கா சொல்லு. பஸ்ஸுன்னு சொல்லு. அந்த ப-வ அப்டியே புடிச்சிக்கினு பருவுன்னு சொல்லு.”

“பஸ்ஸு. பருவு.”

“அவ்ளோதான்!”

அடுத்த இரண்டு வாரம் இருக்கிறதே, அது திருவிழா. அரிசி கிடையாது, இட்லி கிடையாது. மோர், சூப்பு, ஏதோ ஒரு மாவு கலந்த பால். கல்லீரல் சுருங்கினால்தான் டாக்டருக்கு உள்ளே இடம் கிடைக்குமாம். ஈரல் என்றால் ஆட்டு ஈரல்தான் எனக்குத் தெரியும், வறுத்தால் நன்றாகத்தான் சுருங்கும். அதுவும் எந்த நேரத்தில்? மாம்பழ சீசன் உச்சத்தில்! லாரி லாரியாகப் பழம் வந்து இறங்குகிறது, ஃபேக்டரி முழுக்க வாசனை, நான் மோர் பாட்டிலோடு நிற்கிறேன். நாக்கு ஊறும்போதெல்லாம், “பஸ்ஸு, பருவு, பஸ்ஸு, பருவு,” என்று முணுமுணுப்பேன். பழம் பொறுக்கும் பெண்கள், அக்காவுக்குப் பசியில் மூளை கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஆபரேஷன் என்று சொன்னதும் ஒருத்தி, “இந்த வயசுலயாக்கா? இன்னும் பண்ணிக்காமயா இருந்த?” என்று கேட்டாள். எங்கள் ஊரில் பொம்பளைக்கு ஆபரேஷன் என்றால் ஒன்றே ஒன்றுதான். நான் சிரித்த சிரிப்பில் மோர் மூக்கில் ஏறிவிட்டது.

வீட்டுக்காரர் என் எதிரில் சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டாய்க்குப் போய்விடுவார். கருவாட்டுக் குழம்பை எங்கே கொண்டுபோய் ஒளித்துத் தின்ன முடியும்? வாசனை தெருக்கோடி வரைக்கும் போகும். “யோவ், இங்கயே ஒக்காந்து துன்னுய்யா, மோந்தாவது பாக்கறேன்,” என்று கத்துவேன். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். விடிகாலையில் விழிப்பு வந்தால் பஸ் ஸ்டாண்ட் சிரிப்பு கேட்கும். அப்போது உள்ளங்கையைத் தடவிப் பார்ப்பேன், அவள் சத்தியம் அடித்த இடம். ஆனால் குஷிதான் அதிகம். கல்யாணத்துக்குக்கூட நான் நாள் எண்ணியதில்லை, இதற்கு எண்ணினேன். இரண்டு அங்குலம் சின்னதாக ஒரு ஜாக்கெட்டுகூடத் தைக்கக் கொடுத்தேன்.

அந்த நாள் வந்தது. சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள். வேண்டாம், நடந்தே வருகிறேன் என்றேன். வராந்தாவில் பெங்களூரிலிருந்து வந்த மகள் ஒரு பக்கம் கையைப் பிடித்திருந்தாள், வீட்டுக்காரர் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். ஆபரேஷன் தியேட்டர் ஐஸ்பெட்டி மாதிரி இருந்தது. டேபிளைப் பார்த்ததும், பள்ளிக்கூட பெஞ்சு அகலம்கூட இல்லையே என்று கால் பின்வாங்கியது. தலைமாட்டில் நீல உடுப்பில், மாஸ்க் போட்டுக்கொண்டு ஒருத்தி நின்றாள். கண்ணைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நானே ஏறிப் படுத்தேன்.

டாக்டர் குனிந்து, “பயமா இருக்காம்மா?” என்று கேட்டார். மூக்குக்கு மேல் ஏதோ வந்தது. “பஸ்ஸு,” என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் நினைவில்லை.

கண் விழித்தபோது தொண்டை வறண்டிருந்தது. வயிற்றில் நாலைந்து இடத்தில் சுருக்கென்றது. பக்கத்தில் அவள்தான் நின்றிருந்தாள்.

“யாரு மாத்துனது?” என்று கேட்டேன். குரல் காற்றாகத்தான் வந்தது.

“நாங்க நாலு பேரு. தலைப்பக்கம் நான். சொன்னேன் இல்ல?”

“யாராச்சும் சிரிச்சாங்களா?”

அவள் என் போர்வையை இழுத்துவிட்டாள். “சிரிச்சாங்கக்கா.”

அத்தனை நாள் காத்த தைரியம் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது.

“யாரு?”

“எல்லாரும். மொதல்ல சிரிச்சது நான் தான்.” சொல்லும்போதே மறுபடி சிரித்தாள். “பலகைய உனுக்குக் கீள சொருகறோம், நீ கண்ணத் தொறக்காமயே, ‘பருவு தீசேசாரா டாக்டர் காரு?’ன்னு அதட்டற. பஸ்ஸு ப தான், சுத்தமா சொன்ன! டாக்டரு, எடுத்துட்டேம்மான்னாரு. அத்தோட உட்டியா? ‘அப்ப இன்னொண்ணு?’ன்னு கேட்ட. அந்த மனுசன் கையுறையக் கூடக் கழட்டாம ஒரு கும்புடு போட்டாரு. ‘அது உங்ககிட்டயே பத்திரமா இருக்கும்மா’ன்னாரு. அதுக்குத் தான்க்கா சிரிச்சோம்.”

நான் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கத் தையல் இழுத்தது, வலி உயிர் போனது, நிறுத்தவும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் காதுக்குள் வழிந்தது. கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். என் செருப்பு இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

“இன்னாமே, அளுவுறியா, சிரிக்கறியா?”

“மொபெட்டுக்குக் காத்து அடிக்கணும்யா,” என்றேன்.

“நேத்தே அடிச்சிட்டேன்,” என்றார்.