ரெண்டு பேருக்கும் சொல்லிக் குடுங்க

"பெத்த புள்ளையை மிசின்ல மாட்டி உட்டுப்போட்டு இவ கம்பெனிக்குக் கெளம்பிட்டா பாரு" என்று சொல்கிறவர்களை ஒன்று கேட்க வேண்டும். அந்த வீட்டுக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்களா? அந்தப் புள்ளையின் தொண்டையில் சளி கரகரக்கும்போது அதை உறிஞ்சி எடுக்க உங்களில் யாருக்காவது கை வருமா? வராது. வாய் மட்டும் வரும். வீரபாண்டியில் தண்ணீர் வண்டி வருகிற வரைக்கும் பேச எதுவாவது வேண்டும். இப்போதைக்கு ஜெயசுதா கிடைத்திருக்கிறாள்.

பனியன் கம்பெனியில் பதினோரு வருசமாக அவள் செக்கிங். தைத்து வந்த பீஸை உள்பக்கமாகப் புரட்டி, தையலில் விரலை ஓட்டி, குறை தெரிந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. கை அப்படியே பழகிவிட்டது. வண்டிக்காரனிடம் தக்காளி வாங்கினாலும் அடிப்பக்கம் பார்ப்பாள். சொந்தக்காரர்கள் தீபாவளி நோம்பிக்குச் சேலை எடுத்துக் கொடுத்தால், அவர்கள் எதிரிலேயே விரித்து உள்பக்கத்தைப் புரட்டிவிட்டுத்தான் "நல்லாருக்குதுங்க" என்பாள். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அவள் மாறவில்லை.

மகள் சத்யாவுக்கு ஆறு வயசு. பிறந்ததிலிருந்து தசையில் வலு இல்லை. புத்தி மட்டும் ரெண்டு பேருக்கு ஆகும். போன ஐப்பசி மழையில் நெஞ்சில் சளி கட்டி, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முகமூடி வைத்துக் காற்றுக் கொடுத்ததில் சளி போனது. ஆனால் முகமூடியைக் கழற்றினால் பத்து நிமிசத்துக்கு மேல் புள்ளை தாங்கவில்லை.

டாக்டர் சித்ராதேவி தாய் தகப்பன் ரெண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, வீட்டிலேயே மூச்சு மிசினில் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், முகமூடியோடு எத்தனை நாள் போகிறதோ போகட்டும், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். "ரெண்டுமே தப்பில்லீங்க. யோசிச்சுச் சொல்லுங்க, எல்லாரும் சேந்தே முடிவு பண்ணலாம்."

புருசன் தீனதயாளன் டெம்போ ஓட்டுகிறவன். உடனே பேனாவை எடுத்தான். "உசுரு நிக்குமுன்னா வெச்சிருங்க மேடம்."

ஜெயசுதா அந்தப் பேனாவைப் பிடுங்கி மேசைமேல் வைத்தாள். "ஷிப்மென்ட் போனதுக்கப்புறம் டேமேஜ் சொல்லக் கூடாதுங்க டாக்டரம்மா. எல்லாத்தையும் இப்பவே திருப்பிக் காட்டுங்க."

டாக்டருக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. அப்புறம் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் போகுமா? கொஞ்ச நாளைக்குப் போகும். திரும்ப வரலாம், வராமலும் போகலாம். கரண்டு போனால்? பேட்டரி நாலு மணி நேரம், அதற்கு மேல் இன்வெர்ட்டர் வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால்? பக்கத்தில் எப்போதும் தெரிந்த ஆள் ஒருத்தர் வேண்டும். எத்தனை வருசம் இருப்பாள்? "தெரியாதுங்க" என்றார் டாக்டர். இவரை நம்பலாம் என்று ஜெயசுதாவுக்குத் தோன்றியது அந்தப் பதிலில்தான்.

ஆனாலும் பத்து நாள் கையெழுத்துப் போடவில்லை. "பெத்தவளா இவ?" என்று அதற்கும் பேசினார்கள். அந்தப் பத்து நாளும் முகமூடி கழற்றுகிற நேரமெல்லாம் புள்ளையைப் பேசவிட்டுப் பக்கத்திலேயே கிடந்தாள். ஒரு நாள் புள்ளையையே கேட்டாள்.

"கொஞ்ச நாளைக்குப் பேச வராது கண்ணு. பரவால்லயா?"

"ஊட்டுக்குப் போலாமா?"

"போலாம்."

"அப்பச் சரி. நான் கண்ணாலயே உன்னைய வையறேன்."

பத்தாம் நாள், புருசனைப் புள்ளை பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, டாக்டரிடம் கேட்டு விலாசம் வாங்கிக்கொண்டு சாமளாபுரத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே ஒரு தறிக்காரர் வீட்டில், பழனாத்தாள் என்கிறவளின் மகன் மூணு வருசமாக இதே மிசினில் இருக்கிறான். கட்டிலில் சாய்ந்து டிவி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ஜெயசுதா குழாயைப் பார்த்தாள். கட்டிலடியில் இருந்த பேட்டரியைப் பார்த்தாள். அப்புறம் பழனாத்தாளைப் பார்த்தாள்.

"பையன் நல்லாத்தான் இருக்கறான் அம்மிணி. எங்கூட்டுக்காரரு மிசின் பக்கமே வர மாட்டாரு, பயம். நாந்தான் வாசப்படி தாண்டி மூணு வருசமாச்சு. எங்கம்மா செத்ததுக்குக்கூடப் போவல."

திரும்பி வந்தவள் டாக்டரிடம் நேராகப் போனாள். "டேமேஜ் எங்க இருக்குதுன்னு பாத்துட்டேனுங்க. குழாய் வெச்சுருங்க. ஆனா ரெண்டு பேருக்கும் சொல்லிக் குடுங்க. இவருக்கும் கை பழகுனாத்தான் புள்ளையை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன்."

தீனதயாளனுக்கு ரத்தம் கண்டாலே ஆகாது. பழகுவதற்கு நர்ஸ் கொடுத்த பொம்மையின் தொண்டையில் குழாய் மாற்றும்போதே வியர்த்து ஊற்றியது. "நீ பாத்துக்க சுதா, நான் எச்சா ரெண்டு நடை டெம்போ ஓட்டறேன்."

"ஓட்டுங்க மாமா. இதைக் கத்துக்கிட்டு ஓட்டுங்க."

டாக்டரும் அவள் பக்கம் நின்றார். ரெண்டு பேரும் தனித்தனியாகச் செய்து காட்டினால்தான் அனுப்புவேன் என்று தாளில் எழுதியே வைத்தார். சத்யாவுக்குக் குழாய் வைத்தார்கள். இவர்கள் பழக மூணு வாரம் ஆனது. தீனதயாளன் பொம்மையில் நாலு தரம் குழாயைக் கீழே போட்டான். புள்ளையிடம் செய்து காட்டிய அன்று, சத்யா சொன்னபடியே கண்ணால் வைய, ஒன்றையும் கீழே போடாமல் செய்து முடித்தான்.

வீட்டுக்கு வந்தும், இவள் பக்கத்தில் நின்றால்தான் அவனுக்குக் கை ஓடியது. ரெண்டு மாசம் நின்று பார்த்தாள். அப்புறம் கம்பெனிக்குப் போய்க் காலை அரை ஷிப்டுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். டெம்போவை இனி மத்தியானத்துக்கு மேல் எடுக்கச் சொன்னாள்.

மாசி மாசம் ஒரு திங்கட்கிழமை. சத்யாவுக்குத் தலை வாரி, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, "நான் போயிட்டு வாரேன்" என்றாள். புள்ளை டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கேட்டைத் தாண்டி நாலடி வைத்திருப்பாள். உள்ளே மிசின் கீ கீ என்று கத்தத் தொடங்கியது.

"சுதா!" என்று தீனதயாளன் கூப்பிட்டான்.

எதிர் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். ஜெயசுதா திரும்பி வந்து கேட்டில் கை வைத்தாள். உள்ளே எதையோ தட்டிவிட்ட சத்தம். அப்புறம் சளி உறிஞ்சுகிற மோட்டார் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. மிசின் கத்துவதை விட்டது. காற்று சீராக ஏறி இறங்குவது வாசல் வரைக்கும் கேட்டது. அவன் இன்னொரு தரம் கூப்பிடவில்லை.

அவள் கேட்டை வெளியிலிருந்து இழுத்து, நாய் நுழையாதபடி கொண்டி போட்டாள்.