ருசி பார்த்தது சாப்பாட்டில் சேராது

வீட்டுக்கு இனிப்பு என்று எது வந்தாலும் மாஸ்டர் அதைப் பக்கத்தில் இருப்பவர் தட்டுக்குத் தள்ளிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி பார்த்துவருகிற பழக்கம் அது. "நாள் முழுக்க அது மூஞ்சியிலதானே முழிக்கிறேன்" என்பார். பேக்கரியில் கேக் போடுகிறவர் இனிப்பைத் தொடமாட்டார் என்பதைச் சொந்தக்காரர்கள் ஓர் அதிசயம் மாதிரி பேசிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவருக்குத்தான் சர்க்கரை வியாதி வந்தது.

மாத்திரையை வேளை தவறாமல் போட்டார். அவித்த காய்கறியை முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். சாயங்காலம் மனைவியோடு நடந்தார். ஆனாலும் ஒவ்வொரு பரிசோதனையிலும் சர்க்கரை இறங்குவேனா என்று நின்றது.

அதே பேக்கரியில் கல்லாவில் உட்காரும் மனைவியின் தம்பி, போனில் பார்த்து ஒரு டப்பா பொடி வாங்கிவந்தான். "மாமா, இதைக் கலக்கிக் குடிச்சா மாத்திரையே வேண்டாம்."

டாக்டரம்மா அந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள என்ன இருக்குன்னே எழுதலையே. இதை நம்பி மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்றார். அடுத்த தடவையும் இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்றும் சொன்னார்.

மாஸ்டருக்குப் பாதி உயிர் அங்கேயே போய்விட்டது. தகிக்கிற அடுப்புக்குள் அலட்டிக்கொள்ளாமல் கையை விடுகிற மனிதர், ரத்தம் எடுக்கும்போது மட்டும் கண்ணை இறுக்கி மூடி மனைவியின் கையைப் பிடித்துக்கொள்வார். "நான் என்னதான் தப்புப் பண்றேன், நீயே சொல்லு" என்றார் வெளியே வந்து. அவளுக்கும் புரியவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள், டாக்டரிடம் என்ன கேட்பாள்?

ஒரு நாள் அவர் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போக, அவளே எடுத்துக்கொண்டு போய் பேக்கரியின் பின்வாசலில் தயங்கி நின்றாள். அடுப்பிலிருந்து ஒரு தட்டு கேக் வந்தது. மாஸ்டர் ஓரத்தைப் பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். அடுத்த தட்டு வந்தது, அதிலும் ஒரு விள்ளல். பிறகு கிண்ணத்து கிரீமில் ஒரு விரல். சர்க்கரைப் பாகில் அரைக் கரண்டி.

"என்னங்க இது?"

"எது?"

"இப்ப சாப்பிட்டீங்களே."

மாஸ்டர் நிஜமாகவே விழித்தார். "சாப்பிட்டேனா? ருசி பார்த்தேன். அது வேலைம்மா. பார்க்காம எப்படிக் கடைக்கு அனுப்புறது?"

"வேலைன்னு உங்க நாக்குக்குத் தெரியும். ரத்தத்துக்குத் தெரியுமா?"

கல்லாவிலிருந்து தம்பி சிரிக்கிற சத்தம் கேட்டது. மாஸ்டர் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார். "என்ன சாப்பிட்டீங்கன்னுதானே டாக்டரம்மா கேட்டாங்க" என்று முணுமுணுத்தார்.

ருசி பார்க்கும் வேலையைத் தம்பி வலிய வந்து வாங்கிக்கொண்டான். கரும்பு தின்னக் கூலியா என்ன?

"எப்படி இருக்கு மாப்ளே?"

"சூப்பர் மாமா."

"சூப்பர்னா? இனிப்பு தூக்கலா, கம்மியா?"

"எல்லாமே சூப்பர்."

உப்புப் போட மறந்த பன்னும் 'சூப்பர்' என்று கடைக்குப் போனது. வாங்கியவர்கள் திரும்பி வந்து திட்டிய திட்டில் அவன் பதவி பறிபோனது. "அக்காவைக் கூப்பிடுங்க மாமா. சின்ன வயசுல என் சமையலுக்கு அவ சொன்ன குறையிலதான் நான் அடுப்படிப் பக்கமே போறதில்ல" என்றான்.

அவள் வந்தாள். முதல் நாள் புருஷன் காதோடு மட்டும் சொன்னாள்: "வெண்ணெய் கொஞ்சம் பழசுங்க." மாஸ்டர் மோந்து பார்த்தார். பழசுதான்.

இப்போது தினமும் காலையில் அவள்தான் ருசி பார்க்கிறாள். நகத்தளவு போதும் அவளுக்கு. புது வகை போடும் அன்று மட்டும் மாஸ்டர் ஒரு துணுக்கு எடுப்பார், அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுவார். சர்க்கரை இறங்கியிருக்கிறது. மாத்திரை தொடர்கிறது, ஊசி இதுவரை வரவில்லை. அவளும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டாள். அவளுக்கு ஒன்றும் இல்லை.