நொச்சி எண்ணெய் மணக்கும் வீடு

செஞ்சியில் சுமலதாவைத் தெரியாதவர் கொஞ்சம்தான். கையில் டார்ச், தோளில் துணிப்பை. பதினோரு வருஷமாக வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியையும் டிரம்மையும் திறந்து கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. ஒப்பந்த வேலைதான், எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம். ஆனால் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வேலை இல்லை, எண்ணெய்.

வேப்பெண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் கலந்து, கோட்டை அகழி ஓரம் பறித்த நொச்சி இலையை அதில் போட்டுச் சிறு தீயில் காய்ச்சுவாள். இலை மொறுமொறுவென்று சுருண்டதும் இறக்கி, நன்றாக ஆறிய பிறகு கற்பூரத்தைப் பொடித்துப் போடுவாள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஓர் அகலில் ஊற்றித் திரி போட்டு ஏற்றி வைத்தால், அந்த அறைக்குள் ஒரு கொசுவின் ரீங்காரம்கூடக் கேட்காது. வீடு துடைக்கிற தண்ணீரில் எலுமிச்சம்புல் தைலம் நாலு சொட்டு விடச் சொல்வாள். எறும்பும் கரப்பானும் வேறு வீடு பார்த்துக்கொள்ளும். காய்ச்சியதைத் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் பாட்டில் பாட்டிலாகக் கொடுத்தாள். திண்டிவனம் சாலை வரைக்கும் அவள் எண்ணெய்க்குக் கிராக்கி. ஊரே மெச்சினால் தலைக்கு ஏறாமல் இருக்குமா? ஏறியது. அவளே ஒத்துக்கொள்வாள்.

ஏறியதில் வந்த வினைதான் இது. ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஓர் அட்டை தொங்கும். வாராவாரம் உள்ளே போய்த் தண்ணீர் தேங்குகிற இடமெல்லாம் பார்த்துவிட்டு, அதில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எண்ணெய் வாங்காத வீடுகளில் சுமலதா மூலை முடுக்கு விடாமல் பார்த்தாள். எண்ணெய் மணக்கிற வீடுகளில் மட்டும், இங்கே என்ன புழு வந்துவிடப் போகிறது என்று வாசற்படியிலேயே நின்று கையெழுத்துப் போட்டாள். அவள் எண்ணெயை அவளே அவ்வளவு நம்பினாள், பாவி.

அப்படிக் கையெழுத்து வாங்கிய வீடுகளில் முதல் வீடு கமலாம்பாளுடையது. சொந்தம் இல்லை, ஆனால் சுமலதா அக்கா என்றுதான் கூப்பிடுவாள். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அக்கா காபியோடு வாசலுக்கே வந்துவிடுவாள். காபி குடித்து முடிப்பதற்குள் அட்டையில் கையெழுத்து விழுந்துவிடும். கமலாம்பாளின் வீட்டுக்காரர் பாண்டுரங்கன், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், கூடத்து நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். அவரை மாமா என்பாள்.

இன்னொன்றும் உண்டு. டெங்கு கொசு பகலில்தான் கடிக்கும். அதைப் பள்ளிக்கூடங்களில் மைக் பிடித்துப் பிள்ளைகளுக்குச் சொல்பவளே சுமலதாதான். எண்ணெய் கொடுக்கிற இடத்தில் மட்டும் அதை ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால், சாயங்காலம் ஏற்றுகிற விளக்கு மட்டும் போதாதே என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஐப்பசி மழை விட்ட வாரம் கமலாம்பாளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மூன்று நாள் கஷாயம் குடித்தாள். நாலாம் நாள் ஈறில் ரத்தம் வந்ததும் பதறிப்போய் விழுப்புரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆறாம் நாள் உடலாகத்தான் திரும்பி வந்தாள்.

காரியம்கூட முடியவில்லை, சுகாதாரத் துறை மேலதிகாரி ஆட்களோடு வந்துவிட்டார். வீட்டைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால், அடியில் தண்ணீர் வடிகிற தட்டை உருவியபோது அதில் புழு நெளிந்தது. சுமலதா அப்போதும் வாசலில்தான் நின்றிருந்தாள். இந்தத் தெருவைப் பார்க்கிற ஆள் யார் என்று அதிகாரி கேட்டார்.

பாண்டுரங்கன் எழுந்து போய் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். "வாராவாரம் வந்து பார்த்துட்டுதான் சார் போவுது. அது மேல தப்பு சொல்லாதீங்க" என்றார். அதிகாரி அட்டையைப் பார்த்தார், ஏதோ எழுதிக்கொண்டார், போய்விட்டார். சுமலதாவின் வேலை நிலைத்தது.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எண்ணெய்ச் சட்டியைக் கழுவிப் பரண்மேல் போட்டாள். மற்ற வீடுகளில் ஃபிரிட்ஜை நகர்த்தச் சொல்லி, குனிந்து பார்த்து எல்லோரிடமும் திட்டு வாங்கினாள். அந்த வீட்டுப் பக்கம் மட்டும் கால் போகவில்லை. கருமாதி முடிந்து நாலு நாள் கழித்துத்தான் ஒரு சாயங்காலம் துணிந்து போனாள். பாண்டுரங்கன் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"மாமா, அந்த கார்டுல இருக்கறதெல்லாம் பொய்யி. நான் உள்ளயே வரல."

பாண்டுரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். "தெரியும்மா. நான் இந்தச் சேர்லதான உக்காந்திருந்தேன். உன்ன காட்டிக்குடுத்தா உன் வேல போயிருக்கும், அவ திரும்பியா வரப்போறா?"

சுமலதா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் அவர் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. பகல்ல கடிக்கும்னு அவகிட்ட எப்பனா சொன்னியா? மத்தியானம் பூரா அந்த ஃபிரிட்ஜாண்டதான் உக்காந்து பூ கட்டுவா."

"சொல்லல மாமா."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, "வந்ததுதான் வந்த, உள்ள வந்து பார்த்துட்டுப் போ" என்றார்.

சுமலதா டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தொட்டி, டிரம், பூந்தொட்டி, கொல்லையில் கிடந்த பழைய ஆட்டுக்கல் குழி, ஒன்று விடவில்லை. கடைசியில் தரையில் படுத்து ஃபிரிட்ஜுக்கு அடியில் வெளிச்சம் அடித்தாள். தட்டு துடைத்துக் காய்ந்து கிடந்தது. தினம் அவரே துடைக்கிறார் போலிருக்கிறது. பாண்டுரங்கன் பேனாவையும் அட்டையையும் நீட்டினார். அவளுக்குக் கையெழுத்துப் போட மனசு வரவில்லை, தேதியை மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

அவள் செருப்பை மாட்டும்போது மணி ஆறு. அவ விளக்கேத்துற நேரம் என்று சொல்லிக்கொண்டே, பாட்டிலில் மிச்சமிருந்த சுமலதாவின் எண்ணெயை அகலில் ஊற்றிக்கொண்டிருந்தார் பாண்டுரங்கன்.