கடைசிக்கு முந்தின வரி

ஆஸ்பத்திரியில் அம்மாவின் அறைக்கு வெளியே ‘ஆர்த்தாப்டிஸ்ட்’ என்று பலகை மாட்டிய நாளிலிருந்து முழங்கால் வலிக்காரர்கள் வந்து பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார்கள். எலும்பு டாக்டர் என்று நினைப்பு. அம்மா ஒவ்வொருவரையும் எழுப்பி வேறு அறைக்கு அனுப்புவாள். அவளுடைய வேலை கண்ணில். அதிலும் பெரும்பாலும் குழந்தைகளின் கண்ணில். மாறுகண், ஒரு கண் மட்டும் மங்கிப்போவது, இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்க மறுப்பது. ஊசியோ கத்தியோ அவளிடம் கிடையாது. படிக்கச் சொல்லுவாள், பார்க்கச் சொல்லுவாள், ஒரு கண்ணை மூடி வைக்கச் சொல்லுவாள். அதனால் ஓசூரில் பலருக்கு அவள் ‘கண்ணு டீச்சர்’.

எண்பதுகளில் ஊருக்கு வெளியே கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. காலையில் கண் பிரிவு முழுக்க இரும்புத்தூள் விழுந்த கண்ணோடு தொழிலாளிகள் நிற்பார்கள். பெரிய டாக்டரும் நர்சம்மாவும் அவர்களைப் பார்த்து முடித்த பிறகுதான் அம்மாவிடம் வந்த குழந்தைகளுக்கு முறை வரும். அப்பாவுக்கு ஷிப்டு வேலை. சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன். அங்கே எனக்கும் ஒரு உத்தியோகம் இருந்தது. குச்சி பிடிப்பது.

நீளமான அந்த அறையின் ஒரு கோடியில் அட்டை தொங்கும். அதில் மேலிருந்து கீழே சிறுத்துக்கொண்டே போகும் வரிகள். எல்லாம் இங்கிலீஷ் E எழுத்துதான், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருக்கும். மறுகோடியில் குழந்தை உட்காரும். அம்மா பக்கத்தில் இருந்து, குழந்தையின் நல்ல கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொள்வாள். நான் குச்சியால் ஓர் எழுத்தைத் தொட, “கால் எந்தப் பக்கம் கண்ணு?” என்று அம்மா கேட்பாள். தமிழில், இல்லாவிட்டால் கன்னடத்தில், தெலுங்கில். குழந்தை விரலை அந்தப் பக்கம் நீட்டவேண்டும்.

பர்வீன் என்னைவிட ஒரு வயது சின்னவள். எனக்கு எட்டு, அவளுக்கு ஏழு. பாகலூர் ரோட்டில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார் அவளுடைய அத்தா. அவளுக்கு இடது கண் சோம்பேறிக் கண். நல்ல கண்ணை மூடினால்தான் சோம்பேறிக் கண் வேலை செய்யும் என்று, தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவளுடைய வலது கண்மேல் பிளாஸ்திரி ஒட்டச் சொல்லியிருந்தாள் அம்மா. ஒட்டிப் பிய்த்து, ஒட்டிப் பிய்த்து, கண்ணைச் சுற்றித் தோல் உரிந்து சிவந்திருக்கும். வகுப்பில் கரும்பலகை தெரியாமல் தப்பாக எழுதி அடி வாங்குவாள். மற்றப் பிள்ளைகள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்து அவள் கேட்டாள்.

“உங்கம்மா இத எப்ப எடுப்பாங்க?”

“கடைசிக்கு முந்தின வரி படிச்சா எடுத்துடுவாங்க.”

“அந்த வரியா? எனக்கு அங்க வரி இருக்கறதே தெரியலயே” என்றவள், உரிந்த தோலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதாள்.

யோசனை என்னுடையது, பர்வீனிடம் பெஞ்சிலேயே சொல்லிவைத்தேன். E-யின் கால் மேலே இருந்தால் குச்சியை மேலேயிருந்து கொண்டுவருவேன். கீழே இருந்தால் கீழேயிருந்து. வலது, இடதும் அப்படியே. எழுத்து தெரியாத கண்ணுக்கும் குச்சி தெரியும். அம்மா பார்ப்பது பர்வீனின் முகத்தையும் விரலையும்தான், என்னையல்ல. ஒரேயடியாகப் படித்தால் சந்தேகம் வருமென்று, மாதத்துக்கு ஒரு வரியாக இறக்கிக்கொண்டு போனேன். இடையில் ஓரிரண்டு தப்பும் சொல்ல வைத்தேன். அந்த வயதில் எனக்கு இருந்த மூளை முழுவதையும் நான் செலவழித்தது இதற்குத்தான்.

மூன்றாவது மாதம் கடைசிக்கு முந்தின வரி வந்தது. அம்மா அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அதை அவளுடைய ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் ஓடினாள். பிளாஸ்திரி நின்றது. ரம்ஜானுக்குப் பர்வீன் வீட்டிலிருந்து அடுக்குப் பாத்திரத்தில் பிரியாணி வந்தது. பர்வீன் என் காதோரம், “நீ நல்லா இருப்படி” என்றாள். நானும் நல்ல காரியம் செய்தவளாகவே சாப்பிட்டேன்.

இரண்டு மாதத்தில் திரும்ப வரச் சொல்லியிருந்தாள் அம்மா. சரியாகிவிட்ட கண்ணோடு பிள்ளையை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவார்கள்? ஒன்றரை வருஷம் கழித்துப் பர்வீனின் வலது கண்ணில் பெரிய கட்டி வந்து இமை மூடிக்கொண்டது. கடைக்கு நடந்தவள், எதிரே நின்ற தள்ளுவண்டியில் போய் மோதினாள். அப்போதுதான் வீட்டில் பயந்துபோய்க் கூட்டி வந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நர்சம்மா குச்சி பிடித்தாளாம். மேலிருந்து இரண்டாவது வரியிலேயே பர்வீன் நின்றுவிட்டாளாம்.

மறுபடியும் பிளாஸ்திரி. நான் சனிக்கிழமைகளில் டியூஷன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. பர்வீனும் வாய் திறக்கவில்லை. ஒருமுறை வந்த பார்வை திரும்பவும் வந்துவிடும் என்று அப்பாவிடம் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆறு மாதம் பார்த்தார்கள். ஒரு வரிகூட இறங்கவில்லை.

“கண்ணு பழகற வயசு போயிடுச்சு மேடம். இனிமே ஒட்டி அந்தப் புள்ளையக் கஷ்டப்படுத்த வேணாம்” என்றாராம் பெரிய டாக்டர்.

பர்வீனின் அத்தா கோபப்படவில்லையாம். “போதும்னு நீங்கதானுங்களே எடுத்தீங்க மேடம். எங்களுக்கு என்னங்க தெரியும்?” என்று மட்டும் கேட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாராம். பிற்பாடு, பத்தாவது முடித்த பெண்களைச் சின்னப் பாகங்கள் பொருத்தும் வேலைக்கு ஒரு கம்பெனியில் எடுத்தபோது, பர்வீன் எழுத்துப் பரீட்சையில் தேறி, கண் பரிசோதனையில் திரும்பி வந்தாள் என்று கேள்விப்பட்டேன். அந்த வருஷமே அவளுக்குக் கல்யாணம் செய்துவிட்டார்கள்.

வயசு போயிடுச்சு என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம், பர்வீனின் சீட்டை அம்மா வீட்டுக்கே எடுத்து வந்திருந்தாள். சமையலறை வாசலில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருட்டிக்கொண்டு வந்தும் விளக்கு போடவில்லை. தன் கையெழுத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டாள்.

“பாப்பா, நீதான குச்சி புடிச்ச. ஞாபகம் இருக்கா? அவ அன்னிக்கு சரியாத்தான சொன்னா?”

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

“சரியாத்தாம்மா சொன்னா. எல்லாமே சரியா சொன்னா.”

“அப்ப வந்ததுதான் போயிருக்கு. நான்தான் அவசரப்பட்டு எடுத்துட்டேன்” என்றாள். சீட்டை மடித்தாள். பிறகு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு எந்தக் குழந்தையின் பிளாஸ்திரியையும் எடுக்க அம்மாவுக்குக் கை வரவில்லை. நன்றாகப் படித்த குழந்தையையும் இன்னொரு மாதம், இன்னொரு மாதம் என்று இழுத்தாள். பெற்றவர்கள் முணுமுணுத்தார்கள், டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த வருஷம் வேலையை விட்டாள். கடைசி வரை, பேருந்தில் எதிரே மாறுகண்ணோடு ஒரு குழந்தை உட்கார்ந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். பலமுறை சொல்லிவிட வாயெடுத்தேன். சொல்லாமலே அவளைச் சுடுகாட்டுக்கும் அனுப்பிவிட்டேன்.

பர்வீன் அந்த வரியை ஒருநாளும் பார்த்ததில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அம்மா தன்னை மன்னித்திருப்பாள். அவள் அதற்காகத்தான் என்னைக் கேட்டிருக்கிறாள். அன்று எனக்கு அது தெரியவில்லை. பர்வீன் படித்ததெல்லாம் சரி என்றால் அம்மா எழுதியதும் சரி என்று ஆகிவிடும், அவள் நிம்மதியாக எழுந்து போய் விளக்கைப் போடுவாள் என்றுதான் நினைத்தேன்.