அடுப்புச்சாமிக்குப் புது வீடு தெரியாது

மலேசியாவில், குளுவாங் ஊரில் இருந்த எங்கள் கடைவீட்டைக் கட்டியவர் ரப்பர் ஷீட் வாங்கி விற்ற ஒரு சீன முதலாளி. அவருக்குப் பின் அது ஒரு சீனத் தையற்காரர் கைக்குப் போனது. தையற்காரரின் மகளிடமிருந்து அப்பா வாங்கியபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். எத்தனை தடவை பெயிண்ட் அடித்தும், மழை பிடித்தால் மாடிப் பலகைகளில் ரப்பர் வாடை வரும்.

விற்கும்போது அந்த மகள், எங்களுக்கு ஆன்ட்டி, ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அடுப்புக்கு மேலே சுவரில் இருந்த சிவப்புப் பலகையை எடுக்கக் கூடாது. அது அவர்களுடைய அடுப்புச்சாமியின் இடம். சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்னால் சாமி மேலே போய், வருடமெல்லாம் வீட்டில் நடந்ததைச் சொல்லுமாம். அந்த நாளில் தானே வந்து ஊதுபத்தி ஏற்றி வழியனுப்ப வேண்டும் என்றார்.

"உங்க புது வீட்டுலயே கும்பிடலாமே?" என்று அம்மா மலாயில் கேட்டார்.

"எங்கம்மா இங்கதானே சமைச்சாங்க. சாமிக்குப் புது வீடு தெரியாது லா."

நாங்கள் கத்தோலிக்கர்கள். அப்பாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அம்மா அவரைக் கேட்காமலே தலையாட்டிவிட்டார்.

"நம்ம வீட்டுச் சண்டையெல்லாம் மேல போயிடுமேடி," என்றார் அப்பா.

அதற்கும் ஆன்ட்டியிடம் வழி இருந்தது. பலகையில் இருக்கும் சாமி படத்தின் வாயில் ஒட்டுகிற இனிப்பைத் தடவுவார். அப்புறம் நல்லது மட்டும்தான் வெளியே வருமாம். "சாமிக்கே லஞ்சமா, காப்பிக் காசா!" என்று அம்மா சிரித்துத் தீர்த்தார்.

எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். விற்ற வீட்டில் இவருக்கு என்ன வேலை? வருடா வருடம் வந்தவுடன் நேரே அடுப்படிக்குள் போய்விடுவார். அம்மா இறந்தபோது உறவுக்காரர்கள் எல்லாரும் ஹாலில் அழுதார்கள். அடுப்படியில் நின்று அழுதவர் ஆன்ட்டி மட்டும்தான். அதோடு என் கோபம் போய்விட்டது.

அப்பாவும் போனபின் வீடு பூட்டியே கிடந்தது. எனக்கோ ஜொகூர் பாருவில் குடித்தனம், சிங்கப்பூரில் வேலை. இந்த வருடம் விற்றுவிட்டேன். வாங்கியவர்கள் சாஆ என்ற ஊர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்த இளம் தம்பதி. கீழே சலூன் வைக்கப்போகிறார்கள். ஆன்ட்டியை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்பதுதான் என் ஒரே கவலை. கையெழுத்துப் போடும்வரை கேட்கத் தைரியம் வரவில்லை. சாவி கொடுக்கப் போன அன்று, அடுப்படியில் நின்று அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் பலகையை அண்ணாந்து பார்த்தாள். "அது பாட்டுக்கு இருக்கட்டும்க்கா. எங்க சாமிய எதிர்ச் சுவத்துல வச்சுக்கறோம். அந்த ஆன்ட்டி தாராளமா வரட்டும்."

நிம்மதியாகச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பத் திரும்பினேன்.

"அக்கா, ஆன்ட்டி சரி. நீங்க எப்ப வருவீங்க?"

எனக்கு இங்கே என்ன வேலை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் "வரலாமா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது என் வீடு இல்லை என்பது உறைத்தது. அந்த அடுப்படியிலேயே நின்று அழுதுவிட்டேன்.