மாமியார் ஊர் மலையில் ஒரு தொலைநோக்கி

நாட்டின் மிகப் பெரிய தொலைநோக்கியை எந்த மலையில் நிறுத்துவது என்று முடிவு செய்தது ஒரு ஜீப் டிரைவரின் மாமியார் என்று மலையடிவாரத்து டீக்கடைகளில் வெகுநாளாகப் பேசிக்கொள்கிறார்கள். சொல்பவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதால் கேட்பவர்களும் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். விஞ்ஞானத்தைப் பற்றிய வதந்தி ஆயிற்றே, அதைச் சோதித்துப் பார்ப்பதுதானே மரியாதை?

மேலே ஆய்வகத்தில் விசாரித்தால் மக்கள் தொடர்பு அதிகாரி மூன்று மலை, நிபுணர் குழு, விரிவான அறிக்கை என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார். அறிக்கையை யாராவது படித்திருக்கிறார்களா என்று கேட்டால், அதன் தடிமனைப் பார்த்தாலே தெரியவில்லையா என்று கோபித்துக்கொள்கிறார். கீழே இறங்கி அந்த டிரைவரையே கேட்டபோது, அவர் முதலில் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, மனைவி குழாயடியில் இருப்பதை உறுதி செய்துகொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மாமியார் பாவம்ங்க. அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. நான்தான்."

ஆய்வகத்தில் அவருக்கு நியூட்ரல் என்று பேர். வானியல்காரர்கள் ராத்திரியெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்குகிறவர்கள். விடுதி ஜன்னல்களில் கறுப்புத் துணி தொங்கும். சமையல்காரர் தாளிக்கும்போது கூடக் கதவைச் சாத்திக்கொள்வார். விடுதியைத் தாண்டிப் போகும் சரிவில் எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஜீப்பைப் பூனை மாதிரி உருட்டிக்கொண்டு போவது டிரைவரின் தனி வித்தை. அதற்காக வந்த பேர். ஆனால் பேசும்போது அவர் நியூட்ரல் இல்லை. வாயைத் திறந்தால் கிண்டல். கேன்டீனில் அவர் நுழைந்தால் டீ ஆறும் வரை சிரிப்பு ஓயாது. அந்த வாய்தான் அவருக்குச் சோறு போட்டது, வினையையும் இழுத்து வந்தது.

ஆய்வகம் ஆரம்பித்த கதையைக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். நாட்டுக்குச் சொந்த அரசாங்கம் வந்த புதிது. அணை, உரம், இரும்பு என்று பெரிய பெரிய கனவுகள் பணத்துக்கு வரிசையில் நின்றன. நட்சத்திரம் பார்க்கப் பணம் கேட்டவரை மந்திரிகள் ஜாதகக்காரர் என்றே நினைத்துக்கொண்டார்கள். அப்படியும் விடாமல் படியேறி, தலைநகரத்தில் ஒரு வாடகை வீட்டையும் ஒரு காரையும் வாங்கிக்கொண்டு வந்தவர்தான் நிறுவனர். எல்லாருக்கும் அவர் பெரியவர். அந்த வீட்டுச் சமையலறைதான் நூலகம். கார் ஷெட்தான் சோதனைக்கூடம். அதனால் கார் வெயிலில் தெருவில் நிற்கும், அதோடு சேர்ந்து நம் டிரைவரும். வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மட்டும் வீட்டை விட அகலம். அதைத் தாங்குவதற்கு ஒரு நிறுவனம் பின்னால் வளர்ந்தே ஆகவேண்டும் என்று பெரியவர் சொல்வாராம்.

தொலைநோக்கிக்கு அனுமதி கிடைத்ததும் மூன்று மலைகளைப் பொறுக்கினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வருஷம் முழுக்க ஆள் தங்கி வானம் எப்போது மூடுகிறது, எப்போது திறக்கிறது என்று பார்க்கவேண்டும் என்பது விஞ்ஞானம். பணம் கோடைத் தொடக்கத்தில், நிதியாண்டின் கடைசி மாதத்தில் வந்தது, ஆண்டு முடிவதற்குள் இடத்தைச் சொல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும் என்பது நிர்வாகம். இரண்டும் மோதினால் எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கோடையில் மூன்று மலைக்கு மேலும் வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. மழைக்காலத்துக்கு என்ன செய்வது? உள்ளூர்க்காரர்களைக் கேட்டுக்கொள்ளலாம் என்று குழு தீர்மானித்தது.

பெரியவர் காரின் பின்சீட்டில் இருந்தே கேட்டுவிட்டார். அந்த மூன்றாவது மலையடிவாரம்தானே உன் மாமியார் ஊர், மழைக்காலத்தில் அங்கே எப்படி?

டிரைவருக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாமியார் இடுப்பொடிந்து படுக்கையில். அவரை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று மனைவி அங்கேயே இருந்தாள். இவர் தலைநகரத்தில் நாலு பேர் படுக்கும் அறையில் ஒருத்தராகக் கிடந்தார். போன மழைக்காலத்தில் அவள் எழுதிய கடிதங்களில் பாதி மழை புராணம்தான்: துணி காயவில்லை, அடுப்புக்கு மேல் கொடி கட்டியிருக்கிறேன், சூரியனைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று தெரியுமா என்று. எல்லாம் அவருக்குத் தெரியும். கண்ணாடியில் பெரியவரின் முகத்தைப் பார்த்தார். அந்த மலையில் ஆய்வகம் வந்தால் வண்டி வேண்டும், வண்டிக்கு டிரைவர் வேண்டும்.

"மழையா? அதெல்லாம் அந்தப் பக்கத்துச் சரிவோட போயிடும் சார். நம்ம பக்கம் பேருக்கு ஒரு தூறல். எங்க மாமியார் துணியெல்லாம் முத்தத்துலதான் காயப்போடுவாங்க, வருஷம் பூரா."

அறிக்கை அச்சாகி வந்தபோது அந்த மாமியாரின் துணிக்கொடி 'பல தலைமுறைகளாக உள்ளூர் மக்கள் செய்துவரும் அவதானிப்பு' என்று உயர்வு பெற்றிருந்தது.

ரோடு போட்டார்கள், கோபுரம் எழும்பியது. ஊரே திரண்டு வந்து தொலைநோக்கியின் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தலைவாரிக்கொண்டு போனது. முதல் மழைக்காலம் வந்தது. வந்தது என்றால் அப்படி இப்படி இல்லை. விருந்துக்கு வந்த சொந்தக்காரன் பெட்டியைப் பிரித்து அடுக்கி வைத்துக்கொள்வானே, அப்படி மேகம் மலை மேல் குடித்தனம் வைத்தது. கோபுரத்தின் கூரையைத் திறக்க வழியில்லை. பெரியவர் குடை பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். கீழே இறங்கும்போது ஜீப்பில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க மாமியாருக்குக் கண் நல்லாத் தெரியுமா?"

"கொஞ்சம் மங்கல்தான் சார்."

பெரியவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று டிரைவர் இன்றும் சொல்கிறார். திட்டாமல் போனவர் பிறகு செத்தும் போய்விட்டார்.

வேடிக்கை என்னவென்றால் மேகத்தால் நிறுவனம் கெட்டுப்போகவில்லை. மழைக்காலத்தில் சும்மா உட்கார முடியாத விஞ்ஞானிகள் ஒரு பட்டறையைத் திறந்து கருவி செய்ய ஆரம்பித்தார்கள். அவர்கள் செய்த கருவிகளை வெளிநாட்டு ஆய்வகங்கள் கேட்டு வாங்கின. பட்டறை பெருத்துப் பயிற்சிப் பள்ளியானது. மேகத்தையே ஆராய்வதற்கென்று தனியாக ஒரு பிரிவும், அதற்கு ஒரு இயக்குநரும், இயக்குநருக்கு ஒரு காரும் வந்தன. ஆக, எல்லாம் நல்லதுக்குத்தான் என்று டிரைவர் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். அந்தப் பெண் வராமல் இருந்திருந்தால் தேறியும் இருப்பார்.

அவள் எங்கோ தூரத்துக் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவள். ரயிலடியிலிருந்து அவளை ஏற்றி வந்தது டிரைவர்தான். வழியெல்லாம் தன் நட்சத்திரத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். அது மங்கி மங்கி எரியுமாம். அது ஏன் என்று கண்டுபிடித்தால்தான் அவளுக்குப் பட்டம். அந்த நட்சத்திரம் நன்றாகத் தெரிவது மழைக்காலத்தில் மட்டும். இதைக் கேட்டதும் டிரைவர் தலையை வெளியே நீட்டி மலை உச்சியைப் பார்த்துக்கொண்டார்.

பயந்தபடியே அவளுக்கு ஒதுக்கிய ராத்திரிகளில் மேகம் கலையவே இல்லை. மறுநாள் கேன்டீனில் ஒரு மூத்த விஞ்ஞானி சலித்துக்கொண்டார். இந்த மலையை எந்தப் புண்ணியவான் தேர்ந்தெடுத்தான் என்றார். யாரையும் குறிவைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் கண் தன் பக்கம் திரும்பியது போல டிரைவருக்குப் பட்டது. பயம் பிடித்தால் சிலருக்கு வேர்க்கும். இவருக்கு ஜோக் வரும்.

"மலையைக் குத்தம் சொல்லாதீங்க சார். போன வாரம் மழை மேடத்தைக் கூட்டிட்டு வந்தேன்ல, பெட்டி ஒண்ணு, மேகம் ஒண்ணுன்னு ரெண்டு லக்கேஜ் அவங்களுக்கு."

கேன்டீன் அதிர்ந்தது. மலை மறந்துபோனது. மழை மேடம் என்ற பேர் மட்டும் நிலைத்துவிட்டது.

அடுத்த வருஷம் அவள் வந்தபோது சமையல்காரரே குடையை எடுத்து வைத்தார். குடிநீர் வாரியத்துக்கு மேடத்தை வாடகைக்கு விடலாம் என்றார் ஒருவர். அவள் வரும் வாரத்தில் தனக்குத் தொலைநோக்கி நேரம் வேண்டாம் என்று ஒரு விஞ்ஞானி தேதியை மாற்றிக்கொண்டார். கிரகங்களின் பாதையைப் பிசகாமல் கணக்குப் போடுகிறவர், ராசி பலனைக் கண்டால் முகம் சுளிக்கிறவர். எல்லாம் சும்மா தமாஷ்தான். ஆனால் அதற்கடுத்த வருஷம் நேரம் ஒதுக்கும் குழு, இதையெல்லாம் எங்கேயும் பதியாமல், காதும் காதும் வைத்தாற்போல அவளைக் கோடைக்கு மாற்றிவிட்டது. மழைக்கால வானத்தில் அவ்வப்போது விழும் ஓட்டையை மற்றவர்கள் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று.

கோடையில் வானம் பளிச்சென்று இருந்தது. அவளுடைய நட்சத்திரம் மட்டும் அதில் இல்லை.

மூட்டை கட்டிக்கொண்டு அவள் ஜீப்பில் ஏறினாள். விடுதிச் சரிவில் எஞ்சினை அணைத்து உருட்டும்போது சத்தமே இல்லாத அந்த இடத்தில் கேட்டாள்:

"அண்ணா, நிஜமாவே எனக்கு ராசியில்லையோ? எங்கம்மாவும் அப்படித்தான் சொல்றாங்க."

"ச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார் டிரைவர். அதற்கு மேல் சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. சரிவு முடிந்தது. எஞ்சினைப் போட்டுவிட்டார். அந்தப் பழைய ஜீப்பின் இரைச்சலில் யாரும் யாரிடமும் எதையும் சொல்ல முடியாது. அன்று அதற்காக அவர் ஜீப்புக்கு நன்றி சொன்னார். பிறகு அதை நினைத்து நினைத்துக் கூனிக்குறுகினார். அவள் பட்டம் முடிக்கவில்லை, ஏதோ பள்ளிக்கூடத்தில் டீச்சராகிவிட்டாள் என்று காதில் விழுந்தபோது அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி வாயுத் தொல்லை என்று நினைத்து வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

ஓய்வு பெற்ற பிறகு ஆய்வகத்தின் பொன்விழாவுக்கு அழைத்தார்கள். மேடையில் ஏற்றி, பொன்னாடை போர்த்தி, பெரியவரோடு பழகிய ஒரே ஆள் நீங்கள்தான், பழைய வரலாற்றைச் சொல்லுங்கள் என்று மைக்கைக் கையில் திணித்தார்கள். முன் வரிசையில் மனைவி. கொஞ்சம் பின்னால், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்திருந்த டீச்சர்களுக்கு நடுவில், அவள். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. இவரைப் பார்த்துக் கையாட்டினாள்.

இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்குமே இல்லை என்று டிரைவருக்குத் தோன்றியது.

"இந்த மலையை கமிட்டி தேர்ந்தெடுக்கல. நான்தான். மாமியார் வீட்டுப் பக்கத்துல வேலை வேணும்னு பெரியவர்கிட்ட பொய் சொன்னேன். இங்க மழையே கிடையாதுன்னு சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க."

அரங்கமே குலுங்கிச் சிரித்தது. ஐயோ நிஜம்ங்க, நிஜம்ங்க என்று அவர் கையெடுத்துக் கும்பிடக் கும்பிடச் சிரிப்பு கூடியது. அடுத்துப் பேசிய இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, நம் நியூட்ரல் அண்ணனுக்கு வயதானாலும் குறும்பு போகவில்லை என்றார். ஒரு பேச்சுக்கு அது உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் அந்த மேகத்தால்தான் நாம் உலகப் புகழ் பெற்றோம், அதனால் அவருக்கு இன்னொரு பொன்னாடை போர்த்தலாம் என்று போர்த்தியும் விட்டார். டீக்கடை வதந்தி பிறந்தது அந்த அரங்கத்தில்தான். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. செத்துப்போன எங்கம்மாவை ஊர் சிரிக்க வைக்கணுமா என்று அன்றிரவே ஆரம்பித்தவள் இன்னும் விட்டபாடில்லை.

விழா முடிந்து டீ கொடுக்கும் இடத்தில் அந்த டீச்சர் அவரைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, நீங்க சொன்னது நிஜம்தானே?"

டிரைவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். இரண்டு பொன்னாடைக்குள் வியர்த்தது.

"எனக்குத் தெரிஞ்சுது. தமாஷ் பண்ணும்போது உங்க குரல் இப்படி இருக்காது." டீயை ஊதிக் குடித்தாள். "பரவால்லண்ணா, விடுங்க. மனசுல வச்சுக்காதீங்க. பொண்டாட்டி பக்கத்துல இருக்கணும்னு நெனச்சது ஒரு தப்பா? மேகம் எனக்கு மட்டுமா வந்துச்சு, எல்லாருக்கும்தான் வந்துச்சு."

சுமந்த பாரம் இறங்கியது போல அவருக்கு மூச்சு வந்தது. அது பாதி வருவதற்குள் அவள் அடுத்ததைக் கேட்டாள்.

"எனக்கு மட்டும்னு வந்தது அந்தப் பேருதான். மழை மேடம். அது எங்க ஊர் வரைக்கும் வந்துடுச்சுண்ணா. பொண்ணு பார்க்க வந்தவங்க காதுக்குக்கூடப் போச்சு. அந்தப் பேரை யாரு வச்சதுன்னு உங்களுக்குத் தெரியுமா? நீங்கதான் எப்பவும் கேன்டீன்ல இருப்பீங்களே."

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளலாமே என்றுதான் கேட்டாள். டிரைவர் அவள் முகத்தைப் பார்த்தார். சற்று முன் ஆயிரம் பேர் எதிரில் நடுங்கிக்கொண்டே சொன்ன வாய், ஒரே ஒருத்தி முன்னால் ஒட்டிக்கொண்டது.

"தெரியலையேம்மா. யாரோ கேன்டீன் பசங்களா இருக்கும். விசாரிச்சுச் சொல்றேன்."

சரி என்று சொல்லி, அவர் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தப் போய்விட்டாள்.

இப்போதும் எப்போதாவது கூப்பிடுகிறாள். மூட்டு வலி எப்படி, அண்ணி எப்படி இருக்காங்க என்று கேட்பாள். வைக்கப் போகும்போதுதான், ஆமாண்ணா, விசாரிச்சீங்களா என்பாள். டிரைவர், தன் மனைவி எங்கே இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டு, போனை மறு காதுக்கு மாற்றிக்கொள்வார்.

"ஒருத்தன் மேல சந்தேகம் இருக்கும்மா" என்பார். "உறுதியாத் தெரிஞ்சதும் சொல்றேன்."